கோல்ப் கார்ட்டுக்கு 10, 12, 14 அங்குல வீல்: எதை வாங்கலாம், எது வெறும் அழகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தார்ப் பாதையிலும் சிமென்ட் பாதையிலும் ஓடுகிற, உயரம் கூட்டாத சாதாரண கார்ட்டுக்கு 10 அங்குல அலாய் வீலும் 205/50-10 ரேடியல் டயரும்தான் பொருத்தம். 12 அங்குலம் பரவாயில்லை. 14 அங்குலம் பார்க்க அழகு, உட்கார்ந்து போக இடுப்பு வலி. லிஃப்ட் கிட், அதாவது வண்டியின் உடலை உயர்த்தும் பாகங்கள் போட்டு 23 அங்குல டயர் மாட்டுவது தனிக் கணக்கு. அதில் டயர் விலை வெறும் முன்பணம் மாதிரிதான்.

இங்கே பேசுவது அமெரிக்கக் கார்ட்டுகளைப் பற்றி. ஜார்ஜியாவில் பீச்ட்ரீ சிட்டி, ஃபுளோரிடாவில் தி வில்லேஜஸ் போன்ற ஊர்களில் கோல்ப் ஆடாதவர்கள் வீட்டிலும் கார்ட் இருக்கும். மளிகைக்கும் பள்ளிக்கும் அதில்தான் போவார்கள். பீச்ட்ரீ சிட்டியில் கார்ட்டுக்கென்றே சுமார் 160 கிலோமீட்டர் பாதை உண்டு. அங்கே ஓடுபவற்றில் பெரும்பாலானவை இ-இசட்-கோ, கிளப் கார், யமஹா. நம்மூர் ரயில் நிலையத்திலும் வண்டலூர் பூங்காவிலும் பார்க்கிற பேட்டரி கார்களும் இதே இனம்தான். ஆனால் போல்ட் அளவும் ஹப் (வீல் மாட்டும் நடுப்பாகம்) அளவும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால், கீழே உள்ள எண்களை அளந்து பார்க்காமல் அந்த வண்டிகளுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொழிற்சாலையிலிருந்து வரும் கார்ட்டில் வழக்கமாக இருப்பது 18×8.50-8. டயரின் மொத்த உயரம் 18 அங்குலம், அகலம் 8.5, ரிம் 8. உயரத்திலிருந்து ரிம்மைக் கழித்துப் பாதியாக்கினால் 5 அங்குலம், அதாவது 127 மில்லிமீட்டர் ரப்பர் சுவர். விஷயமே இந்தச் சுவரில்தான் இருக்கிறது. கார்ட்டின் சஸ்பென்ஷன் ரொம்பச் சாதாரணமானது. குழியில் இறங்கும்போது வரும் அடியில் பெரும்பங்கைத் தாங்குவது டயரின் பக்கச் சுவர். 205/50-10 என்றால் அகலம் 205 மில்லிமீட்டர், சுவர் அதில் 50 சதவீதம், ரிம் 10 அங்குலம். ஆக அந்தச் சுவர் 102 மில்லிமீட்டர். 215/35-12 என்றால் 75. 205/30-14 என்றால் வெறும் 61. நான்கு டயரின் மொத்த உயரத்தையும் பார்த்தால் எல்லாமே 18 அங்குலத்தை ஒட்டித்தான் நிற்கும். 14 அங்குல ரிம்மில் கொஞ்சம் கூடி 18.8 வரும். ஆக, பெரிய ரிம் போட்டால் வண்டி உயரும் என்று நினைத்து வாங்குபவருக்கு ஏமாற்றம்தான். வண்டி உயராது, ரப்பர்தான் குறையும்.

14 அங்குல செட்டைப் பற்றி வரும் புகார்கள் எல்லாம் இதிலிருந்து பிறப்பவை. மரவேர் தள்ளி மேடான பாதையில் 61 மில்லிமீட்டர் சுவர் மடங்க இடமில்லாமல் அடி நேராக ரிம் விளிம்புக்குப் போகும். அலாய் விளிம்பு லேசாக நசுங்கினாலே பீட் (ரிம்மில் உட்காரும் டயரின் உள்விளிம்பு) சரியாக உட்காராமல் காற்று மெதுவாகக் கசியும். காலையில் பார்த்தால் ஒரு டயர் மட்டும் இறங்கியிருக்கும். ஆணி தேடினால் கிடைக்காது. வழவழப்பான பாதை, இரண்டு பேர் பயணம், மாலையில் ஒரு சுற்று என்றால் 14 அங்குலத்தில் குறையொன்றும் இல்லை. பின் சீட்டில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு தினம் போகிறவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். 12 அங்குலம் நடுவில் நிற்கிறது: கடினம் தெரியும், தாங்கலாம். அதில் 215/35-12 எடுங்கள். 215/40-12 கிட்டத்தட்ட 18.8 அங்குலம் உயரம். உயர்த்தாத சில மாடல்களில் முன் மட்கார்டில் உரசும்.

8 அங்குல ஸ்டீல் வீலை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. மைதானத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு அதைவிடச் சொகுசானது எதுவும் கிடையாது. தேய்ந்த டயரை மாற்றினால் போதும். கெண்டா ஹோல்-என்-1, கார்லைல் டர்ஃப் சேவர் போன்றவை இதே 18×8.50-8 அளவில் கிடைக்கும், புல்லைக் கிழிக்காது. பெரிய கட்டை வைத்த ஆஃப்ரோடு டயரைப் பல மைதானங்கள் உள்ளேயே விடுவதில்லை. கோல்ப் ஆடுகிறவர் வாங்குமுன் கிளப்பில் கேட்டுவிடுவது நல்லது. ஆனால் இந்தப் புல்தரை டயர்கள் பெரும்பாலும் 4 பிளை (அடுக்கு வலிமைக் குறியீடு), உள் இழைகள் சாய்வாக ஓடும் பயஸ் வகை. ரேடியலில் இழைகள் குறுக்கே நேராக ஓடும். தார்ச்சாலையில் தினமும் ஓட்டினால் சீக்கிரம் வழுக்கையாகும். சுவரில் என்.ஹெச்.எஸ். என்ற மூன்று ஆங்கில எழுத்து பொறித்திருந்தால், நெடுஞ்சாலைப் பயன்பாட்டுக்கு அது தயாரிக்கப்படவில்லை என்று பொருள். தெருவில் ஓட்டுகிறவர் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டி.ஓ.டி. முத்திரை உள்ள டயரைத்தான் தேட வேண்டும். அந்த முத்திரையின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 2419 என்றால் 2019-ன் 24-ஆம் வாரம். இணையத்தில் அடிமாட்டு விலைக்கு வரும் செட்டுகளில் இதை முதலில் பாருங்கள். கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்த டயருக்குப் பளபளப்பு குறையாது, ரப்பர் மட்டும் இறுகிப்போயிருக்கும்.

10 அங்குலத்துக்கு வருவோம். 205/50-10 டயரின் உயரம் 18.07 அங்குலம், பழைய டயரோடு வித்தியாசமே கிடையாது. அதனால் வேகம் மாறாது, பிரேக் மாறாது, மட்கார்டில் உரசாது, லிஃப்ட் தேவையில்லை. தரையில் படும் பகுதி தட்டையாகவும் திடமாகவும் இருப்பதால் வளைவில் வண்டி நெளிவது குறையும். கெண்டா ப்ரோ டூர் இந்த அளவில் பலர் போடும் டயர். இதே அளவில் ஸ்டீல் பெல்ட் ரேடியலும் கிடைக்கும். விலை கூடினாலும் தார்ப் பாதைக்கு ரேடியலே மேல்: சூடாவது குறைவு, சீராகத் தேயும். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்திவைத்து எடுக்கும்போது பயஸ் டயர் கொஞ்ச தூரத்துக்குத் தடக் தடக் என்று ஓடும். ரேடியலில் அது அவ்வளவாக இருக்காது.

இனி மாட்டுவது. பெரும்பாலான கார்ட்டுகளுக்கு 4 போல்ட், 4 அங்குல வட்டம். நான்கு துளை என்பதால் எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும், 101.6 மில்லிமீட்டர் வர வேண்டும். வீல் எல்லாவற்றுக்கும் பொருந்திவிடும். தவறு நடப்பது நட்டில். கிளப் கார், இ-இசட்-கோ வண்டிகளில் வழக்கமாக அரை அங்குல ஸ்டட் (நட் ஏறும் மரைக்கம்பி), அங்குலத்துக்கு 20 மரை. யமஹாவிலும் புதிதாக வந்த பல பிராண்டுகளிலும் 12 மில்லிமீட்டர் ஸ்டட், மரைக்கு மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் அரை அங்குல நட்டைப் போட்டால் லொடலொடவென்று ஏறும், பிடிக்காது. மாற்றிப் போட்டு ரெஞ்சால் அழுத்தினால் மரை போய், ஸ்டட்டையே மாற்ற வேண்டிவரும். செட்டோடு வரும் நட் உங்கள் வண்டிக்குரியதுதானா என்று கையால் சுற்றிப் பார்த்தபின் பெட்டியை முழுதாகப் பிரியுங்கள்.

அலாய் வீலின் நடுப்பகுதி ஸ்டீலைவிடத் தடிமன். அதனால் நட்டுக்கு மிஞ்சும் மரை குறையும். கணக்கு எளிது: நட் கையால் ஏறத் தொடங்கியதிலிருந்து இறுகும்வரை குறைந்தது பத்துச் சுற்றாவது வர வேண்டும். ஆறு ஏழிலேயே நின்றால், ஒன்று நட் உட்கார்முனை பொருந்தவில்லை, இல்லையேல் ஸ்டட் நீளம் போதாது. அப்படியே ஓட்டாதீர்கள்.

ஆஃப்செட்டை, அதாவது வீல் எவ்வளவு உள்ளே வெளியே நிற்கும் என்பதைக் கடைக்காரர்கள் 3:4 போன்ற இரண்டு எண்ணாகச் சொல்வார்கள். முதல் எண் வீல் மாட்டும் தளத்திலிருந்து உள்பக்கம் போகும் அங்குலம், இரண்டாவது வெளிப்பக்கம். இரண்டாவது எண் கூடக் கூட வீல் வெளியே தள்ளி நிற்கும். பக்கத்துக்கு ஓர் அங்குலம் தள்ளினால் வண்டியின் அகலம் 2 அங்குலம் கூடும். டிரெய்லர் வாசலும் ஷெட் கதவும் இடிக்கும்போதுதான் பலருக்கு இது உறைக்கிறது. மழையில் மட்கார்டைத் தாண்டி நிற்கும் டயர் சேற்றை நேராக சீட்டுக்கு அனுப்பும். முன் வீல் பேரிங்குக்கும் சுமை கூடும், ஸ்டியரிங் கனக்கும். அதற்காக உள்பக்கம் அதிகம் போகும் வீலை வாங்கினாலும் வம்பு. பின்னால் ஸ்பிரிங்கில், முன்னால் ஸ்டியரிங் ராடில் உரசும்.

மாட்டும் வரிசை: பேட்டரி வண்டியாக இருந்தால் சீட்டுக்கு அடியில் உள்ள ரன்-டோ ஸ்விட்சை (ஓட்ட, இழுத்துச் செல்ல என்று இரண்டு நிலை உள்ளது) டோவுக்குத் தள்ளுங்கள். தூக்காத சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். நட்டுகளை வீல் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி. தூக்கியதும் ஸ்டாண்ட் வைக்காமல் கையை உள்ளே விடக் கூடாது. ஹப் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷால் சுரண்டுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். துருவின் மேல் அலாய் உட்கார்ந்தால் முதலில் இறுக்கமாகத் தெரியும், ஓடஓடத் துரு நசுங்கி நட் தளரும். நான்கு நட்டையும் கையால் ஏற்றி, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தவணையில் இறுக்குங்கள். இ-இசட்-கோவுக்குக் கையேடு சொல்வது 50 முதல் 85 அடி-பவுண்டு, அதாவது 70 முதல் 115 நியூட்டன் மீட்டர். கிளப் காருக்கு 55 அடி-பவுண்டு. மற்றவற்றுக்கு அந்தந்தக் கையேடு. காற்றில் ஓடும் இம்பாக்ட் கன்னால் அலாய் வீலை முடிக்கக் கூடாது, டார்க் ரெஞ்ச் வேண்டும். 80 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். புது அலாய் வீலில் நட் ஒரு கால் சுற்றாவது ஏறுவது சகஜம்.

வண்டியை இறக்கியதும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, சீட்டெல்லாம் ஆளை உட்காரவைத்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழைகிறதா பாருங்கள். ஆளில்லாத வண்டியில் உரசாதது நாலு பேர் ஏறியதும் உரசும்.

23 அங்குல டயர் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு. 18-லிருந்து 23-க்குப் போனால், மோட்டார் அதே வேகத்தில் சுற்றினாலும் வண்டி 28 சதவீதம் வேகமாக ஓடும். மணிக்கு 19 மைல் போன வண்டி 24-ஐத் தாண்டும். கேட்க ஆனந்தமாக இருக்கும். ஆனால் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும், மேட்டில் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் சூடாகும், லெட் ஆசிட் பேட்டரி சீக்கிரம் இறங்கும். பெரும்பாலான கார்ட்டுகளில் பின் சக்கரத்தில் மட்டும்தான் டிரம் பிரேக். டயர் பெரிதாகும் அதே விகிதத்தில் அந்த பிரேக்கின் பிடி குறையும். வண்டியின் எடை மையமும் மேலே போயிருக்கும், வளைவில் சாயும். 23×10.5-12 போட 6 அங்குல லிஃப்ட் வேண்டும், அதோடு 400 ஆம்பியருக்குக் குறையாத கன்ட்ரோலரையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டச் சிக்கலும் உண்டு. ஃபுளோரிடாவில் 20 மைலுக்கு மேல் போக முடியாத வண்டிதான் கோல்ப் கார்ட். 20-ஐத் தாண்டி 25 வரை போனால் அது குறைவேக வாகனம். பதிவு, சீட் பெல்ட், கண்ணாடி, விளக்கு எல்லாம் கேட்பார்கள். டயர் மாற்றியதாலேயே வண்டியின் வகை மாறிவிடும் என்பதை டயர் விற்பவர் சொல்லமாட்டார். பண்ணை, மணல், வேட்டைக் காடு என்று போகிறவருக்கு இந்த உயரம் நிஜமாகவே தேவை. தெருவில் மட்டும் சுற்றுகிறவருக்கு நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம்.

காற்று: 18×8.50-8 டயருக்கு 18 முதல் 22 பிஎஸ்ஐ. மற்றவற்றுக்குச் சுவரில் பொறித்த உச்ச அளவைத் தாண்டாமல் வையுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதுதான் கணக்கு. ஓரங்கள் தேய்ந்தால் காற்று குறைவு, நடு தேய்ந்தால் அதிகம், உள்ளோரம் மட்டும் தேய்ந்தால் டயரில் குற்றமில்லை, முன் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். ஒரு சார்ஜில் போகும் தூரம் திடீரென்று குறைந்தால் பேட்டரியைச் சந்தேகிக்குமுன் காற்றழுத்த கேஜை எடுங்கள்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்று. பாலிஷ் செய்த அலாய்க்கு அமிலம் கலந்த வீல் கிளீனர் ஆகாது, மேல்பூச்சு வெண்மை தட்டிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று என்பதால் அடிக்கடி கழுவ வேண்டும்; அங்கே குரோமைவிடக் கறுப்புப் பூச்சு நீடிக்கும்.

10 அங்குலத்துக்கு மாறுகிறவர்கள் கழற்றிய பழைய 8 அங்குல வீல்களை மொத்தமாக விற்றுவிட வேண்டாம். கார்ட்டுக்கு ஸ்டெப்னி கிடையாது, உயரம் இரண்டுக்கும் ஒன்று. நல்ல நிலையில் உள்ள ஒன்றை, அதன் பழைய நான்கு நட்டோடு ஷெட்டில் வைத்துக்கொண்டால் பஞ்சர் ஒட்டும்வரை வண்டி ஓடும்.