அம்பாசடரில் ஷாஃப்ட் இடிக்கிறதா? டனலை வெட்டி உயர்த்துவதா, சென்டர் பேரிங் போடுவதா

பழைய மார்க் 2 அம்பாசடரில் 1,489 சிசி எஞ்சினைக் கழற்றிவிட்டு, இசுசுவின் 1,817 சிசி எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் ஏற்றி ஓட்டுகிறேன். எஞ்சின் மாற்றத்தை ஆர்சியிலும் பதிந்தாயிற்று. வண்டி அருமையாக இழுக்கிறது. ஆனால் பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து, வாய்க்கால் மதகு மேட்டில் ஏறி இறங்கும்போது அடியில் ‘டக்’கென்று ஓர் இடி. கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான புரப்பெல்லர் ஷாஃப்ட், தரையின் நடுவே அதற்காக மேடாக விட்டிருக்கும் கூடான டனலின் உட்கூரையில் படுகிறது. புதுக் கியர் பெட்டிக்காகத் தடித்த குழாயில் ஷாஃப்ட் செய்து, உயரம் குறையப் பின் ஸ்பிரிங் பட்டையும் ஒன்றை எடுத்த வண்டிகளில் இது சகஜம்.

பட்டை தொய்ந்திருக்கிறதா, அச்சு மேலேறிப் பாடியில் மோதாமல் தாங்கும் பம்ப் ரப்பர் இருக்கிறதா, கியர் பெட்டி மவுண்டிங் ரப்பர் அமுங்கிவிட்டதா என்று முதலில் பாருங்கள். பாதி வண்டிகள் அதோடு சரியாகிவிடும். சரியாகாவிட்டால்தான் மேற்கொண்டு பேச்சு.

இடைவெளி பார்க்கும்போது வண்டியை லிஃப்டில் தொங்கவிட்டு அளக்கவே கூடாது. அச்சு கீழே தொங்கும், ஷாஃப்டும் இறங்கிவிடும், இடம் தாராளமாக இருப்பதுபோல் தெரியும். எடை சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். நான் செய்தது இதுதான்: டனலின் உட்கூரையில் வரிசையாகச் சப்பாத்தி மாவு உருண்டைகளை ஒட்டி, ஆளேற்றி, மேடுபள்ளத்தில் மெதுவாக ஒரு சுற்று. வந்து பார்த்தால் முன்பக்க உருண்டைகள் அப்படியே இருந்தன. பின்சீட்டுக்குச் சற்று முன்னால் இருந்தவை மட்டும் காகிதமாக வழிக்கப்பட்டிருந்தன. எங்கே, எவ்வளவு வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. பம்ப் ரப்பர் முழுக்க அமுங்கிய நிலையிலும் ஓர் அங்குலமாவது மிஞ்சினால் நிம்மதி.

கியர் பெட்டியின் வாலைக் கீழே இறக்குவது சுலபமான வழி. மவுண்டிங்கில் ஒரு தகடு வைத்தால் போதும். ஆனால் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள, அதை மடங்கிச் சுற்றவிடும் கிராஸ் என்ற மூட்டின் கோணங்கள் ஒன்றுக்கொன்று ஈடாக இருந்தால்தான் ஷாஃப்ட் அதிராமல் சுற்றும். வாலை இறக்கினால் பின் அச்சையும் ஆப்பு வைத்துச் சாய்க்க வேண்டும். போதாக்குறைக்கு அடிவயிறு தரைக்கு நெருங்கிவிடும். நம் வரப்போர ரோட்டுக்கு அது ஆகாது.

ஷாஃப்டை இரண்டாக்கி நடுவில் அதைத் தாங்கிச் சுற்றவிடும் சென்டர் பேரிங் போடுவது நல்ல வேலைதான். முன் பாதி மேலும் கீழும் ஆடாது, குழாய் குட்டையாவதால் வேகத்தில் அதிர்வும் குறையும். மயிலாடுதுறையில் நண்பர் வண்டி அப்படித்தான் இருக்கிறது, நயமாக ஓடுகிறது. அதை நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் அந்த ஒரு விஷயத்தில் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் இடி பின்பக்கத்தில் இருந்தால் இதனால் பெரிய லாபமில்லை. பின் பாதி குட்டையாவதால் அதன் சாய்வு இன்னும் கூடும்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. சம்பா அறுவடை முடிந்து உளுந்தும் பயறும் எடுக்கும் நாட்களில் கும்பகோணத்தைச் சுற்றி எந்தக் கிராமத்து ரோட்டில் போனாலும் செடியைப் பரப்பி வைத்திருப்பார்கள். வண்டி ஏறிப் போனால்தான் காய் உடையும். அந்தக் கொடி ஷாஃப்டில் கயிறாகச் சுற்றிக்கொள்ளும். ஒரே ஷாஃப்ட் என்றால் வீட்டுக்கு வந்ததும் குனிந்து அரிவாளால் அறுத்து இழுத்தால் வந்துவிடும். சென்டர் பேரிங் இருந்தால் அதன் ஓரத்தில் போய் இறுகி, தூசி மறைக்கும் சீல் என்ற ரப்பர் வளையத்தை நெருடிவிடும். சீல் போனபின் நடவுக் காலத்தில் டிராக்டர் கூண்டுச் சக்கரம் ரோட்டில் இறக்கிவிட்டுப் போகும் சேறும், ஐப்பசி மழைத் தண்ணீரும் நேராக உள்ளே. நண்பர் வண்டியில் பேரிங் ஊளையிட ஆரம்பித்து, அதைத் தாங்கும் ரப்பரும் கிழிந்தது. மாற்றுவதற்கு மொத்த ஷாஃப்டையும் இறக்க வேண்டியிருந்தது. வருஷா வருஷம் உளுந்து வரும், மழையும் வரும்.

அதனால் நான் டனலை வெட்டினேன். ஒருமுறை வேலை, பிறகு அங்கே சுற்றுவது, தேய்வது எதுவும் கிடையாது. ஆனால் அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியேதான் எடையைத் தாங்குகிறது. ஆகவே மாவு வழிந்த நீளத்துக்கு மட்டும் வெட்டுங்கள், சீட்டுக்கு அடியில் குறுக்கே போகும் பெட்டித் தகட்டைத் தொடவிடாதீர்கள். தரைத் தகட்டுக்குக் குறையாத கனத்தில் ஒரு மூடியை உயரமாக வளைத்து, விட்டுவிட்டுப் பற்றவைத்து, கடைசியில் இடைவெளி இல்லாமல் முழுக்க மூட வேண்டும். கார்பெட், ஒயர், பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் எல்லாவற்றையும் ஒதுக்காமல் வெல்டிங்கைப் பிடிக்கவே விடக்கூடாது. இரண்டு பக்கமும் பிரைமர், அடியில் அண்டர்கோட்.

பின்சீட்டில் நடுவில் உட்காருபவருக்குக் கால் வைக்க இடம் கொஞ்சம் குறையும். அசல் வண்டி தேடி வருபவர் விலையையும் குறைத்துத்தான் கேட்பார். எனக்கு விற்கும் எண்ணம் இல்லை. என் வண்டி உப்புக் காற்றில் நிற்பதில்லை. நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் நிறுத்துபவர்கள் மழைக்கு முன்னும் பின்னும் பற்றவைத்த அந்தத் தையல் துருப்பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷாஃப்டைக் கழற்றும் முன் அது பின் அச்சோடு போல்ட்டில் சேரும் தட்டான பின் ஃப்ளேஞ்சில் பெயின்ட் கோடு போட்டு, அதே கோட்டில் திரும்ப மாட்டுங்கள். அப்புறம் மறுபடி மாவு உருண்டை வைத்து, அதே மதகில் அதே ஆட்களோடு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கார்பெட்டை விரிக்க வேண்டும்.