தினமும் ரயிலா, வாரம் ஒருமுறையா, ஊரிலேயே வேலையா: காட்பாடிப் பக்கத்துக் கணக்கு

காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களைக் குழப்புவது இந்தத் தூரம்தான். மதுரைக்காரருக்கும் கோவைக்காரருக்கும் குழப்பமே இல்லை, சென்னையில் வேலை என்றால் சென்னையில் வீடு. நமக்கோ தினமும் போய் வந்துவிடலாமே என்ற ஆசை விடாது. 150 கிலோமீட்டர் வரை ரயில்வேயில் சீசன் டிக்கெட் கொடுக்கிறார்கள். காட்பாடி அதற்குள் வந்துவிடுகிறது. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

சரி, தினமும் ரயிலில் அப் அண்ட் டவுன் போகிறவர் கதையை முதலில் பார்ப்போம். காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடிக்கவேண்டும் என்றால் பிள்ளைகள் எழும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். ரயிலில் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். சீசன் வைத்திருந்தாலும் ரிசர்வேஷன் பெட்டியில் ஏற முடியாது, அதனால் அரக்கோணத்துக்கு அப்புறம் நெரிசல்தான். சென்ட்ரலில் இறங்கியதோடு முடிவதும் இல்லை. ஆபீஸ் கிண்டியில் என்றால் மெட்ரோவில் போய்விடலாம். ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) என்றால் இன்னொரு பயணம் பாக்கி. நேராகச் சொல்கிறேன், அந்தச் சாலையில் உள்ள சோழிங்கநல்லூரில் வேலை பார்த்துக்கொண்டு காட்பாடியிலிருந்து தினமும் போய்வர நினைப்பவர் ஆறு மாதம் தாங்கினால் பெரிது.

ஆனால் இதில் ஒரு நன்மை உண்டு. மாலை ரயிலை விட்டால் இரவு எத்தனை மணிக்கு வீடு சேர்வோம் என்று தெரியாது, அதனால் வேலையை நேரத்துக்கு முடித்துவிட்டு எழுந்தே ஆகவேண்டும். "சார், எனக்கு ட்ரெயின்" என்று சொன்னால் பெரும்பாலான மேனேஜர்கள் ஒன்றும் பேசுவதில்லை. "சார், பையனோடு சாப்பிடணும்" என்று சொல்லிப் பாருங்கள், மேலும் கீழும் பார்ப்பார்கள். ரயில்தான் நமக்காக வாதாடுகிறது! என்ன, எட்டரை ஒன்பதுக்கு வீடு சேரும்போது சின்னக் குழந்தை தூங்கியிருக்கும். பத்தாவது படிக்கிற பிள்ளை என்றால் அப்போதும் விழித்திருக்கும், அதனோடு உட்கார்ந்து பேசலாம்.

அடுத்தது சென்னையில் ஹாஸ்டலில் தங்கி வெள்ளிக்கிழமை இரவு பூந்தமல்லியில் பஸ் ஏறுவது. வேலையில் மேலே போக இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு இல்லை. அஞ்சரை மணி மீட்டிங்கிலும் இருப்பீர்கள், எட்டு மணி போன் காலிலும் இருப்பீர்கள். வீட்டுக்கு இரண்டு முழு நாள் கிடைக்கிறதே என்று தோன்றும். சனிக்கிழமை கேஸ், கரண்ட் பில், துணி, யாராவது ஒருவர் வீட்டுக் கல்யாணம் என்று போய்விடும். ஞாயிறு சாயங்காலம் பை கட்டத் தொடங்கியதுமே வீட்டில் எல்லோர் முகமும் மாறிவிடும். இடையில் உள்ள ஐந்து நாளும் மனைவி ஒற்றை ஆளாகச் சுமக்கிறார், அல்லது மாமியாரோ அம்மாவோ சுமக்கிறார்கள். கணக்குப் போடும்போது பலரும் இதைச் சேர்ப்பதே இல்லை.

வயதான அப்பா அம்மாவுக்காக இப்படி வருகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க வேண்டியது பெரும்பாலும் வேலை நாள் காலையில். ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. (வெளிநோயாளிப் பிரிவு) கிடையாது. எனவே வாரம் தவறாமல் வந்தும், தேவைப்படுகிற அந்த ஒரு காலையில் மகன் இருக்கமாட்டான். பக்கத்து வீட்டுப் பையன்தான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போவான்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் நிலை வேறு. முதல் ஷிப்ட் வாரத்தில் மாலை முழுவதும் வீட்டில்தான். இரண்டாவது ஷிப்ட் வாரத்தில், பள்ளி விட்டுக் குழந்தை வரும் முன்பே இவர் கிளம்பிவிடுவார், நள்ளிரவு தாண்டித் திரும்புவார். அந்த வாரம் அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் தூங்கும்போது பார்த்துக்கொள்வதுதான் அதிகம். 2023 ஏப்ரலில் ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் ஆனது. போக வர பஸ்ஸில் போகும் நேரத்தையும் அதோடு கூட்டிப் பார்த்தவர்களுக்கு எதிர்ப்பின் காரணம் உடனே புரிந்திருக்கும்.

ஊரிலேயே வேலை என்றால் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டை, பெல் (BHEL) ஆலை, தோல் தொழிற்சாலைகள், வி.ஐ.டி. பல்கலைக்கழகம், சி.எம்.சி. எனப் பட்டியல் சின்னது. சம்பளமும் பெரும்பாலும் குறைவு. ஊரில் வேலை என்பதாலேயே நேரம் கிடைத்துவிடாது. நைட் டூட்டி பார்க்கும் நர்ஸைக் கேளுங்கள், ஏற்றுமதி கப்பலுக்கு ஷூ அனுப்பவேண்டிய வாரத்தில் சூப்பர்வைசரைக் கேளுங்கள். இருந்தாலும் பள்ளியிலிருந்து போன் வந்தால் கால் மணியில் போய் நிற்கலாம். பிள்ளைக்கு ஐந்து வயதுக்குள் இருந்தாலோ, வீட்டில் அடிக்கடி ஆஸ்பத்திரி போகும் பெரியவர் இருந்தாலோ, என் ஓட்டு இதற்குத்தான். சம்பளக் குறைவில் ஒரு பகுதியை சென்னை வாடகையும் ஹாஸ்டல் பணமும் மிச்சமாகி ஈடுகட்டும். முழுவதும் ஈடுகட்டாது.

அதிகம் பேர் யோசிக்காத ஒன்று அரக்கோணம். சென்ட்ரலுக்கும் காட்பாடிக்கும் கிட்டத்தட்ட நடுவில் இருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பெரம்பூர்ப் பக்கம் வேலை என்றால் எலக்ட்ரிக் ட்ரெயினிலேயே போய்விடலாம், ஒன்றை விட்டால் இன்னொன்று வரும். கணவனுக்குச் சென்னையிலும் மனைவிக்கு வேலூரிலும் வேலை இருந்தால் இங்கே வீடு எடுப்பதில் நியாயம் இருக்கிறது. அலைச்சல் ஒருவர் தலையில் மட்டும் விழாமல் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி ஆகும். சொந்தக்காரர்கள் "அங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் வந்தால் போதும் என்கிற கம்பெனி என்றால் அந்த மூன்று நாளும் அடுத்தடுத்து வரும்படி கேட்டு வாங்குங்கள். செவ்வாய் காலை ரயிலில் போய், இரண்டு இரவு தங்கி, வியாழன் மாலை திரும்பிவிடலாம். சீசன் எடுக்கத் தேவையில்லை. அப்பாவின் ஓ.பி. தேதியைத் திங்கள் அல்லது வெள்ளிக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.