ஃபைவ்ஃபிஷ் ஆப்பும் குளோபல் ரெக்கார்டிங்ஸ் பதிவுகளும்: ஊழியக் குடும்பத்துக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

வேற்று நாட்டில் போய் இறங்கும் மிஷனரிக் குடும்பத்துக்கு முதல் இரண்டு வருடம் வாயிருந்தும் ஊமை நிலைதான். கடையில் விலை கேட்க வரும், வழி கேட்க வரும். ஆபிரகாமைப் பற்றி நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் சொல்ல வராது. அந்தக் காலத்துக்குக் கைகொடுப்பவை குளோபல் ரெக்கார்டிங்ஸ் நெட்வொர்க் என்ற கிறிஸ்தவ நிறுவனம் தயாரிக்கும் வேதாகமக் கதை ஒலிப்பதிவுகள். 6,000-க்கும் மேற்பட்ட மொழிகளிலும் வட்டார வழக்குகளிலும் பதிவுகள் இருக்கின்றன. அவர்களுடைய தளத்திலும் ஃபைவ்ஃபிஷ் என்ற ஆப்பிலும் இலவசமாகக் கேட்கலாம், இறக்கிக்கொள்ளலாம்.

ஹோண்டுராஸில் ஊழியம் செய்து, மலேரியாவில் உடல் தளர்ந்து அமெரிக்கா திரும்பிய ஜாய் ரிடர்ஹாஃப் 1939-ல் தொடங்கிய வேலை இது. தன்னால் திரும்பிப் போக முடியாத மலைக் கிராமங்களுக்குக் குரலாவது போகட்டும் என்று ஸ்பானிஷில் பதிவுசெய்து இசைத்தட்டாக அனுப்பினார். பின்னாளில் மின்சாரமே தேவைப்படாமல் கையால் சுற்றிக் கேட்கிற அட்டைப்பெட்டி இசைத்தட்டுக் கருவியைக்கூட இந்த நிறுவனம் செய்தது. கருவி மாறினாலும் அடிப்படை மாறவில்லை: பேசுவது வெளிநாட்டு மிஷனரி அல்ல, அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்.

ஆப்பில் நாட்டின் பெயரையோ மொழியின் பெயரையோ கொடுத்துத் தேடினால் பதிவுகளின் பட்டியல் வரும். முக்கியமானவை மூன்று. 'குட் நியூஸ்' என்பது 40 படங்களோடு படைப்பிலிருந்து கிறிஸ்து வரை கொண்டுபோய், விசுவாச வாழ்க்கையையும் தொடும் தொகுப்பு. 'லுக், லிசன் அண்ட் லிவ்' எட்டுப் புத்தகங்கள், ஒவ்வொன்றிலும் 24 படங்கள். முதல் ஐந்து ஆதாம், நோவா தொடங்கி எஸ்தர் வரை பழைய ஏற்பாடு; ஆறும் ஏழும் இயேசு; எட்டாவது அப்போஸ்தலருடைய நடபடிகள். மூன்றாவது 'வேர்ட்ஸ் ஆஃப் லைஃப்', படமில்லாத குட்டிக் கதைகளும் செய்திகளும். எல்லா மொழியிலும் எல்லாம் இருக்காது. பல சிறிய மொழிகளில் இந்த மூன்றாவது மட்டும்தான்.

பலரும் இடறி விழும் இடம் மொழித் தேர்வு. ஒரே மொழிக்கு நாலைந்து பெயர் இருக்கும். அரசு ஆவணத்தில் ஒன்று, பக்கத்து இனத்தார் ஏளனமாக வைத்தது ஒன்று, அவர்களே தங்களைச் சொல்லிக்கொள்வது இன்னொன்று. அதற்குக் கீழே வட்டார வழக்குகள் தனித்தனியாக வரும். பெயரைப் பார்த்து ஒன்றை இறக்கிக்கொண்டு நேரே கூட்டத்தில் போட்டுவிடக் கூடாது. பொருந்தலாம் என்று தோன்றும் மூன்று பதிவுகளை எடுங்கள். பள்ளிக்கூடம் போகாத, ஊரைவிட்டு அதிகம் வெளியேறாத வயதான ஒருவரிடம் ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் போட்டுக் காட்டுங்கள். படித்த இளைஞர் இதற்குச் சரிப்பட மாட்டார். அவருக்குப் பொதுமொழியும் பக்கத்து வழக்கும் பழகியிருக்கும், எல்லாம் புரியும். "புரிகிறதா?" என்றும் கேட்காதீர்கள். விருந்தினர் மனம் நோகக் கூடாது என்று யாரும் "புரிகிறது" என்றுதான் சொல்வார்கள். "இவர் எந்த ஊர்க்காரர்?", "இப்போது என்ன சொன்னார், திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குச் சட்டென்று ஒரு ஊர்ப் பெயர் வந்து, இரண்டாவதற்குக் கதையும் வந்தால் அது உங்கள் பதிவு. சிரிப்பு வந்தால் ஏன் என்று விசாரியுங்கள். ஒரு சொல்லுக்கு இந்தப் பக்கம் வேறு அர்த்தம் இருக்கலாம், பேசுபவரின் வழக்கு இவர்கள் கிண்டல் செய்யும் வழக்காகவும் இருக்கலாம்.

ஒலித்தரம் ஏற்ற இறக்கமானது. நன்றாகப் பதிவானவையும் உண்டு, பழைய நாடாவின் இரைச்சலோடு வருபவையும் உண்டு. தரம் குறைந்த பதிவுகளில் அதைத் தளமே சொல்லிவிடுகிறது, அந்த நேர்மை பிடித்திருக்கிறது. சிலவற்றில் பேச்சு வெட்டி வெட்டி, ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒலிக்கும். அதற்குக் காரணம் உண்டு. பதிவு செய்பவருக்கு அந்த மொழி தெரியாது. பேசுபவருக்கு வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். இரண்டு மொழி தெரிந்த ஒருவர் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, பேசுபவர் திருப்பிச் சொல்ல, அந்தத் துண்டுகளைப் பிறகு ஒட்டுகிறார்கள். ஒட்டிய இடம் சில பதிவுகளில் காதுக்குத் தெரிந்துவிடும். கேட்பவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரைச்சல்தான் அவர்களை எழுந்து போக வைக்கும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இது வேதாகம மொழிபெயர்ப்பு அல்ல. பொதுவான ஒரு கதைவடிவம் இருக்கிறது, அதை அந்தந்த மொழிக்கும் வாழ்க்கைக்கும் ஏற்பச் சொல்கிறார்கள். ஆகவே "வேதத்தில் இப்படி எழுதியிருக்கிறது" என்று இந்தப் பதிவைக் காட்டிச் சொல்ல முடியாது. அந்த மொழியில் வேதவசனமே ஒலிவடிவில் இருக்கிறதா என்று பைபிள்.ஐஎஸ் போன்ற இடங்களில் தனியாகத் தேடிப் பாருங்கள்.

படத்தொகுப்பைப் பயன்படுத்துவது எளிது. பெரிய படப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பதிவை ஓட விட வேண்டியதுதான். ஒரு படம் முடிந்ததும் சிறு இசை ஒலிக்கும், அடுத்த பக்கம் திருப்ப வேண்டும். ஆனால் 24 படத்தையும் நிறுத்தாமல் ஓட்டுவது வீண். நாலைந்து படத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கூட்டத்தில் ஒருவரைக் கதையைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். அவர் விட்டதை இன்னொருவர் சொல்வார், முதலில் சொன்னவர் மறுப்பார், பேச்சு சூடு பிடிக்கும். மொழி அரைகுறையாகத் தெரிந்த மிஷனரிக்கு அந்தப் பத்து நிமிடத்தில் கிடைக்கும் சொற்கள் ஒரு வார மொழி வகுப்பில் கிடைக்காது. பக்கம் திருப்பும் வேலையை ஒரு குழந்தையிடம் கொடுத்துவிட்டால் உங்கள் கை நிறுத்தும் பொத்தான் மேல் இருக்கும். மொபைல் ஸ்பீக்கர் ஆறேழு பேருக்குமேல் போதாது, கூரைத்தகரத்தில் மழை விழுந்தால் அதுவும் இல்லை. தனி ஸ்பீக்கர் வேண்டும்.

ஸ்பீக்கர் என்றதும் மெமரி கார்டு. தொல்லை அதிகம் இங்கேதான். மலிவான எம்பி3 ஸ்பீக்கர்கள் பல, ஃபைலைப் பெயர் வரிசையில் பாடுவதில்லை. கார்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். மொத்தமாகத் தேர்வு செய்து இழுத்துப் போட்டால் வரிசை குலைந்து, நோவாவுக்கு முன்னால் ஆபிரகாம் வந்து நிற்பார். கார்டை ஃபார்மேட் செய்துவிட்டு, 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் பெயர் வைத்து, ஒவ்வொன்றாக வரிசைப்படி நகலெடுங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டு வேண்டாம். அவை கடையிலிருந்து வரும்போது எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் இருக்கும், பழைய கருவிகள் படிக்காது. 4 முதல் 32 ஜிபி வரையிலானவை பழைய கருவிகளும் படிக்கிற ஃபேட்32-ல் இருக்கும். இடம் பற்றிய கவலையும் வேண்டாம். 64 கேபிபிஎஸ் பதிவு மணிக்கு 29 எம்பிதான் பிடிக்கும். 4 ஜிபி கார்டில் நூறு மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். தளத்தில் முழு அளவு, சிறிய அளவு என இரண்டு ஜிப் கோப்புகள் கிடைக்கும். நெட் மெதுவாக உள்ள ஊர் என்றால் புறப்படும் முன்பே முழு அளவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் போட்டால் சிறியது தகரம் தட்டுவது போல் ஒலிக்கும். ஆப்பில் பதிவை ஒருமுறை கேட்டுவிட்டதால் அது இறங்கிவிட்டது என்று நம்பாதீர்கள். ஃப்ளைட் மோடில் போட்டு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நற்செய்திப் பணிக்குக் கெடுபிடி உள்ள நாடுகளில் இதே ஆப்பும் கார்டும் கேட்பவருக்கு ஆபத்தாகலாம். யாரிடமும் கார்டைத் திணிக்கக் கூடாது. அவர் வீட்டில் யார் பார்ப்பார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

வீட்டுக்குள் இதன் பயன் நிறுவனமே அவ்வளவாக எடுத்துச் சொல்லாத ஒன்று. கதைவடிவம் பொது என்பதால், ஒரே எண்ணுள்ள படத்துக்குத் தமிழ்ப் பதிவும் உள்ளூர் மொழிப் பதிவும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. இரவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து முதலில் தமிழில் ஒரு படம், பிறகு அதே படம் உள்ளூர் மொழியில். அகராதி இல்லாத மொழிக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைப்பது அரிது. வேகம் அதிகமாகத் தெரிந்தால் விஎல்சி போன்ற பிளேயரில் 0.75 என்று வைத்துக் கேட்கலாம், குரல் மாறாது. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும் என்பது உபரி லாபம். அவர்கள் பெற்றோரைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். அதற்காக எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளராக நிறுத்துவது நியாயமில்லை. பெரியவர்கள் அழுதுகொண்டு சொல்லும் பாரத்தை அது சுமக்கக் கூடாது.

பதிவுகளை நகலெடுத்து இலவசமாகக் கொடுக்கத்தான் தயாரித்திருக்கிறார்கள். விற்கவோ, வெட்டி ஒட்டி வேறு வடிவில் வெளியிடவோ நினைத்தால் அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். அந்த ஒன்றைக் குறைத்தது மொழிப் பட்டியலுக்காக: எந்த வழக்கு எந்தப் பகுதியில் பேசப்படுகிறது என்ற விவரம் பல மொழிகளுக்கு மிகக் குறைவு. உங்கள் ஊரில் எந்தப் பதிவு எடுபட்டது, எது எடுபடவில்லை என்று தெரிந்துவிட்டால் அவர்களுக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அடுத்து அங்கே போகிற குடும்பம் மூன்று பதிவை வைத்துக்கொண்டு திண்டாடாது.