ஓவுலேஷன் ஸ்ட்ரிப், 50 உள்ள பாக்கெட்: நான்கு சுழற்சிக்குப் பிறகு என் அனுபவம்

எனக்கு மாதவிலக்கு 34 முதல் 37 நாளுக்கு ஒருமுறைதான் வரும். குழந்தைக்காக முயற்சி செய்த முதல் ஒன்பது மாதமும், எல்லோரும் சொன்னபடி, மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி, கருமுட்டை வெளியேறும் நாள் என்று 14ஆம் நாளை நடுவில் வைத்து 12 முதல் 16 வரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு லேபில் "21ஆம் நாள் டெஸ்ட்" என்று, முட்டை வெளியேறிய பின் ஏறும் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனைப் பார்த்தார்கள். அளவு மிகவும் குறைவு, கருமுட்டை வெளியேறவில்லை போலிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வீடு வந்தேன்.

மகப்பேறு மருத்துவர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "உங்களுக்கு எத்தனை நாள் சுழற்சிம்மா?" என்றுதான். 21ஆம் நாள் என்பது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கான கணக்காம். அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்பு பார்க்க வேண்டிய பரிசோதனை அது. எனக்கு 29ஆம் நாள் வாக்கில் பார்த்திருக்க வேண்டும். முட்டை வெளியேறிய பின் மாதவிலக்கு வர ஆகும் நாட்கள் ஒருத்திக்குப் பெரிதாக மாறாது, பெரும்பாலும் 12 முதல் 14 நாள். மாறுவதெல்லாம் முட்டை வெளியேறும் முன் உள்ள நாட்கள்தான். அவர் சொல்லித்தான், முட்டை வெளியேறப் போவதைச் சிறுநீரில் பார்த்துக் கோடாகக் காட்டும் இந்த ஓவுலேஷன் ஸ்ட்ரிப்பை வாங்கினேன்.

மருந்துக்கடையில் ஐந்து ஸ்ட்ரிப் உள்ள பெட்டி கிடைக்கிறது. சுழற்சி ஒரே சீராக இருப்பவர்களுக்கு அது போதும். என்னைப் போல முன்னே பின்னே வருபவர்களுக்குப் போதாது. ஐந்தும் தீர்ந்த மறுநாள்தான் கோடு ஏறும். அதனால் ஆன்லைனில் 50 ஸ்ட்ரிப் மொத்தமாக வரும் பாக்கெட் எடுத்தேன். ஒன்றுக்கு எத்தனை ரூபாய் என்று கணக்குப் பார்த்தாலும் இதுதான் லாபம்.

முட்டையை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் சிறுநீரில் திடீரென ஏறுவதை இது காட்டுகிறது. ஏறினால், அடுத்த 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறும் என்று அர்த்தம். கர்ப்பப் பரிசோதனை அட்டையில் மங்கலாக ஒரு கோடு தெரிந்தாலே சந்தோஷப்படலாம். இதில் அப்படி இல்லை. எப்போதும் தெரியும் பக்கத்துக் கோட்டுக்குச் சமமாகவோ, அதைவிட அழுத்தமாகவோ வந்தால்தான் பாசிட்டிவ். முதல் மாதம் இது தெரியாமல் 17ஆம் நாளே பாசிட்டிவ் என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

அப்புறம் ஒரு பழைய டைரியில் ஒவ்வொரு நாள் ஸ்ட்ரிப்பையும் செலோடேப் போட்டு வரிசையாக ஒட்டி, ஓரத்தில் பென்சிலால் நாள் எண் எழுத ஆரம்பித்தேன். மருதாணி நிறம் பிடிப்பது போல அந்தக் கோடு ஏறுவது வரிசையில் தெளிவாகத் தெரிந்தது. 18, 19 வெளிறிய ரோஸ். 20 கொஞ்சம் அழுத்தம். 21ஆம் நாள் மாலை இரண்டு கோடும் ஒரே நிறம். அப்படியானால் முட்டை 22ஆம் நாள். 36ஆம் நாள் மாதவிலக்கு வந்தது. சரியாக 14 நாள். இடையே 29ஆம் நாள் எடுத்த புரோஜெஸ்ட்ரோனும் நன்றாக இருந்தது.

டைரியைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் மனசுக்குள் ஒன்று உறைத்தது. விந்தணு உடலுக்குள் அதிகபட்சம் ஐந்து நாள் உயிரோடு இருக்கும். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட முழுதாக இல்லை. 16ஆம் நாளோடு நாங்கள் நிறுத்திக்கொண்டால் 21 வரைதான் கணக்கு போகும். என் முட்டை வந்ததோ 22ல். ஒன்பது மாதத்தில் பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள் வித்தியாசத்தில் தவறவிட்டிருப்போம்.

மூன்றாவது சுழற்சியில் எனக்கு வைரஸ் காய்ச்சல். கோடு ஏறவே இல்லை. 25, 26, 27 என்று ஸ்ட்ரிப் போய்க்கொண்டே இருந்தது. 29ல்தான் பாசிட்டிவ். 36 தாண்டியதும் மாமியார் முகத்தில் ஒரு வெளிச்சம். "நாள் தள்ளிப் போயிருக்கே, விசேஷமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். "இல்லை அத்தை, காய்ச்சலால முட்டை தள்ளிப் போச்சு. 44ஆம் நாள் வாக்குல வந்துடும்" என்றேன். 44ல்தான் வந்தது. டைரி இல்லாத மாதமாக இருந்திருந்தால் அந்த எட்டு நாளும் நம்பி நம்பி உடைந்து போயிருப்பேன். இந்த பாக்கெட்டுக்குக் கொடுத்த பணம் அந்த ஒரு மாதத்துக்கே தகும்.

குறைகளும் இருக்கின்றன. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் எனக்குச் சரியாகக் காட்டவில்லை. பள்ளியிலிருந்து வந்து, இரண்டு மணி நேரம் தண்ணீர் அதிகம் குடிக்காமல் இருந்து, மாலை ஆறு மணிக்குப் பார்க்கிறேன். இந்த வெயிலில் அது கஷ்டம்தான். கோடு ஏறும் நாட்களில் காலை பத்து மணிக்கும் ஒருமுறை பார்ப்பது நல்லது, ஆனால் வகுப்பு எடுப்பவளுக்கு அது நடக்காது. ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட வேண்டும். அரை மணி கழித்துத் தெரியும் கோட்டை நம்பாதீர்கள். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) உள்ளவர்களுக்கு எல்.எச். எப்போதுமே கூடுதலாக இருக்கலாம். தினமும் பாசிட்டிவ் வந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, முட்டை உண்மையிலேயே வெளியேறியதா என்று இது சொல்லாது. அதற்காக இரண்டு தசமம் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கினேன். கண் விழித்ததும் படுக்கையிலிருந்து எழும் முன் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். முட்டை வெளியேறிய பின் எனக்கு 36.3 டிகிரி செல்சியஸிலிருந்து 36.6க்கு ஏறி அப்படியே நிற்கிறது. முன்கூட்டியே நாள் குறிக்க இது உதவாது, உறுதி செய்ய மட்டும்தான்.

பாக்கெட்டில் இன்னும் பத்து ஸ்ட்ரிப் மீதம். இன்று ஐந்தாவது சுழற்சியின் 19ஆம் நாள். மாலை பார்த்தது வெளிறிய ரோஸ்தான். டைரியில் ஒட்டிவிட்டேன்.