லோட் காம்பினேஷனா, ரிப்பீட் லோடா?

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கு ஈடுகொடுக்க வேண்டிய இரும்பு ஷெட்டை ஸ்டாட் புரோ என்ற கட்டமைப்புக் கணிப்பு மென்பொருளில் போடும்போது, சுமைகளைச் சேர்க்கும் இந்தத் தேர்வு முக்கியம்.

லோட் காம்பினேஷன், ஒவ்வொரு சுமை கேஸுக்கும் ஏற்கெனவே வந்த விடைகளைக் காரணியால் பெருக்கிக் கூட்டும், மறுபடி தீர்க்காது. சுமைக்கு நேர்விகிதத்தில் விடை மாறும் நேரியல் மாடலுக்கு அது தாராளமாகப் போதும்.

ரிப்பீட் லோட் சுமைகளையே சேர்த்துப் புதிதாகத் தீர்க்கும். பி-டெல்டாவுக்கு, அதாவது பக்கவாட்டில் நகர்ந்த தூணில் நிலைச்சுமை உண்டாக்கும் கூடுதல் வளைவுக்கு, இதுதான் சரி. தூணில் நிலைச்சுமை 200 கிலோநியூட்டன், காற்றில் உச்சி 20 மி.மீ. நகர்கிறது என்று வையுங்கள். முதல் சுற்றிலேயே 4 கிலோநியூட்டன்-மீட்டர் கூடுதல் மொமென்ட் (வளைக்கும் திருப்புத்திறன்). காரணி 1.2 என்றால் சுமை, நகர்வு இரண்டும் ஏறி 5.76. தனித்தனி கேஸ்களில் இது பிறக்கவே பிறக்காது. பிறகு கூட்டி என்ன பயன்?

இழுவை மட்டும் தாங்கும் பிரேஸிங் (குறுக்குக் கம்பிகள்) இருந்தாலும் ரிப்பீட் லோடே. கேஸுக்குக் கேஸ் வேறு கம்பி தளர்வதால் விறைப்பே மாறுகிறது. ஒவ்வொரு கேஸுக்கும் பின் தீர்க்கச் சொல்லும் பெர்ஃபார்ம் அனாலிசிஸ் கட்டளை, அடுத்ததற்கு முன் தளர்ந்த கம்பிகளை மீட்கும் சேஞ்ச் கட்டளை: இரண்டையும் விடாதீர்கள். கூரையைத் தூக்கும் 0.9 நிலைச்சுமை + 1.5 காற்று கேஸுக்கும் இதே முறைதான்.