ஸ்டெயர் எல்பி10 சைட்: 48 வயதுக் கண்ணுக்கு எப்படி இருக்கிறது?

மூன்று வருடமாக ஸ்டெயர் எல்பி10 வைத்து 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். ஆஸ்திரியாவில் செய்த பிஸ்டல், என் கைக்கு வந்தபோதே ஒருவர் பயன்படுத்தியது. டிரிகர் எவ்வளவு சுத்தமாக விடுபடுகிறது, பெல்லட் போகும்போது கை எவ்வளவு குறைவாக அதிர்கிறது என்றெல்லாம் கேட்டால் எவரும் சொல்வார்கள். குறி பார்க்க உதவும் சைட்டைப் பற்றி மட்டும் யாரும் விரிவாகப் பேசுவதில்லை, ஆனால் 40 தாண்டிய ஒருவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன்.

சைட் என்பது இரண்டு பாகம்: குழல் முனையில் நிற்கும் சிறு தகடு ஃப்ரன்ட் சைட், கண்ணுக்குப் பக்கத்தில் வெட்டு உள்ள தகடு ரியர் சைட். வெட்டின் நடுவில் ஃப்ரன்ட் சைட் நின்று, இரு பக்கமும் சமமாக வெளிச்சம் தெரிய வேண்டும். என் பிரச்சினை இது. போட்டியில் 75 நிமிடத்தில் 60 ஷாட். முதல் 30 வரை எல்லாம் சரியாகத்தான் போகும், அப்புறம் மெல்ல மெல்ல ஃப்ரன்ட் சைட்டின் ஓரம் கரையத் தொடங்கும், இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய வெளிச்சக் கோடு சாம்பல் நிறமாகி ரியர் சைட்டோடு ஒட்டிக்கொள்ளும், நான் கை தளர்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடிப்பேன். கை ஒன்றும் தளரவில்லை. கண்தான் களைத்துப்போயிருந்தது.

இதில் ஒரு கணக்கைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு எல்லாம் தெளிவானது. இரண்டு சைட்டுக்கும் இடையே 350 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரன்ட் சைட் வெட்டின் நடுவிலிருந்து வெறும் 1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் அது ஏறத்தாழ 29 மி.மீ. விலகல், அதாவது நடுப் பத்துக்குப் போக வேண்டிய பெல்லட் ஏழு மதிப்பெண் வளையத்தில் போய் விழும். அதுவே சைட் இரண்டும் நேராக இருந்து, கை ஆடி, குறி மட்டும் 5 மி.மீ. தள்ளிப்போனால் நஷ்டம் அந்த 5 மி.மீ. மட்டும்தான், பத்து வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ. என்பதால் அது பத்தாகவே இருக்கும். ஆகவே இலக்கின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை, ஃப்ரன்ட் சைட்டும் அதன் இரு பக்க வெளிச்சமும் மங்கக் கூடாது.

எல்பி10-இன் ரியர் சைட்டில் வெட்டின் அகலத்தைத் திருகி மாற்றலாம், இந்தப் பிஸ்டலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. முன்பு வைத்திருந்தவர் ஏறத்தாழ 4 மி.மீ.யில் விட்டிருந்தார். வெளிச்சக் கோடு மெல்லியதாக இருந்தால் துல்லியம் கூடும் என்று நானும் நம்பி ஒரு வருடம் அப்படியே சுட்டேன். இளம் கண்ணுக்கு அது சரியாக இருக்கலாம். எனக்கு 5 மி.மீ.க்கு விரித்த அன்றே வித்தியாசம் தெரிந்தது: இரு பக்கமும் வெள்ளையாக, அகலமாக, ஒன்றுக்கொன்று சமமா இல்லையா என்று தேடாமலே தெரிகிற வெளிச்சம். ஃப்ரன்ட் சைட் கண்ணுக்குத் தெரியும் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒவ்வொரு பக்கமும் வெளிச்சம் இருக்கட்டும், அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி மாற்றிப் பாருங்கள். மாற்றிய பிறகு பத்து ஷாட்டில் முடிவு செய்யாதீர்கள், ஒரு முழு 60 சுட்டுப் பாருங்கள், ஏனென்றால் கோளாறு தெரிவதே 30க்கு மேல்தான்.

ஃப்ரன்ட் சைட்டில் 4.5 மி.மீ. அகலத் தகடு போட்டிருக்கிறேன். கண்ணிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் அந்தத் தகடு, 10 மீட்டரில் உள்ள 59.5 மி.மீ. கறுப்பை விடக் கொஞ்சம் ஒடுங்கித் தெரியும், எனக்கு அது போதும். கறுப்புக்குக் கீழே வெள்ளையில்தான் குறி வைக்கிறேன், கறுப்பின் மேல் கறுப்புத் தகடு ஏறினால் மேல் விளிம்பு எங்கே என்றே தெரியாது.

இவ்வளவு செய்தும் பாதிதான் சரியானது. மீதி கண்ணாடியில் இருந்தது. படிக்கிற கண்ணாடி 40 செ.மீ.க்குப் போட்டது, தூரக் கண்ணாடியில் ஃப்ரன்ட் சைட் மங்கல். ஒரு கடையில் விவரம் கேட்காமலே படிக்கிற பவரைப் போட்டுக் கொடுத்து, அந்தப் பணம் வீணானது. அப்புறம் ஒரு நீளமான ஸ்கேலின் முனையில் கறுப்பு டேப் ஒட்டி, கண்ணிலிருந்து ஃப்ரன்ட் சைட் இருக்கும் தூரத்தில் அது நிற்கும்படி பிடித்துக்கொண்டு, தூரப் பவரோடு +0.50, +0.75 இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டச் சொன்னேன். எனக்கு +0.75 பொருந்தியது. பிஸ்டலில் லென்ஸ் பொருத்துவதற்கு விதி இடம் தராது, நீங்கள்தான் அணிய வேண்டும், மூடும் கண்ணுக்கு முன்னால் வைக்கும் தடுப்பும் 30 மி.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது. சைட்டில் ஒரு பைசா செலவழிப்பதற்கு முன் இந்த லென்ஸுக்குச் செலவழியுங்கள்.

இன்னொன்று, பளபளப்பு. நாங்கள் சுடும் ரேஞ்சில் தலைக்கு நேர் மேலே டியூப் லைட், பழைய தகட்டின் மேல் விளிம்பில் கறுப்பு தேய்ந்து வெள்ளையாக ஒரு கீற்று மின்னும், மின்னுகிற பக்கம் தகடு உயரம் குறைந்ததுபோல் தெரியும். கற்பூரப் புகை இதற்கு அருமையான மருந்து. தகட்டைக் கழற்றி, உலோகம்தான் என்று உறுதி செய்து, இடுக்கியில் பிடித்துப் புகையில் இரண்டு நொடி காட்டினால் மைபோலக் கறுப்பு படியும். தகடு பிஸ்டலில் இருக்கும்போது இதைச் செய்யவே செய்யாதீர்கள், 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த சிலிண்டருக்குப் பக்கத்தில் நெருப்பு வரக் கூடாது. விரல் பட்டால் கரி அழிந்துவிடும், ஆகவே ஒவ்வொரு முறையும் புதிதாகப் பூச வேண்டியிருக்கிறது.

குறை என்று சொன்னால், வெட்டின் அகலத்தைக் காட்ட என் பிஸ்டலில் அளவுகோல் எதுவும் இல்லை. ஒருமுறை துடைக்கும்போது திருகு நகர்ந்து, பழைய இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. இப்போது 5 மி.மீ. ட்ரில் பிட் ஒன்றைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன், அதன் வழுவழுப்பான தண்டு வெட்டுக்குள் சிக்காமல், ஆடாமல் நுழைந்தால் சரி.