ஆறு வருடம் ஓட்டிய அலாய் வீல்: அளவு பார்த்து வாங்கியதிலிருந்து பெயின்ட் அடித்தது வரை

காரோடு வந்த 15 இன்ச் ஸ்டீல் ரிம்மைக் கழற்றிவிட்டு 16 இன்ச் அலாய் போட்டு ஆறு வருடம் ஆகிறது. எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது, இதற்குள் ஒரு வீல் விரிசல் விட்டு மாற்றியாயிற்று, எல்லாவற்றையும் ஒருமுறை சுரண்டிப் புதிதாகப் பூச்சும் போட்டாயிற்று. வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் டிசைனைப் பற்றியும் பளபளப்பைப் பற்றியும்தான் எழுதியிருப்பேன். இப்போது சொல்லத் தோன்றுவதில் பாதிக்கு மேல் வீலின் பின்பக்கத்தைப் பற்றியது, ஹப்பில், அதாவது வீலை மாட்டும் சுழலும் நடுப்பகுதியில், போய் உட்காருமே அந்தப் பக்கம்.

முதலில் அளவு. என் பழைய டயர் 185/65 ஆர்15. அகலம் 185 மி.மீ., அதில் 65 சதவீதம் சைடுவால் (டயரின் பக்கச் சுவரின் உயரம்), அதாவது சுமார் 120 மி.மீ. மேலே ஒன்று கீழே ஒன்று, நடுவில் 15 இன்ச் ரிம் 381 மி.மீ., ஆக மொத்த உயரம் 621.5. இதே கணக்கை 195/55 ஆர்16க்குப் போட்டால் 621க்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. ஒரு மி.மீ.கூட வித்தியாசம் இல்லை, அதனால் ஸ்பீடோமீட்டர் காட்டுவதும் மாறாது. 17 இன்ச்சில் 205/45 போட்டால் 616, உயரத்தில் ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை என்பதால் அதையே போடச் சொல்லிக் கடையில் வற்புறுத்தினார்கள். ஆனால் சைடுவால் 120லிருந்து 92க்கு இறங்கிவிடுகிறதே, பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மைக் காப்பாற்ற இருப்பது அந்த ரப்பரும் காற்றும்தான். 16 இன்ச்சில் 107 மி.மீ. அதோடு நிறுத்திக்கொண்டேன், இன்றைக்கும் அந்த முடிவில் எனக்கு முழுத் திருப்தி.

டயரில் நான் கிட்டத்தட்டத் தவறவிட்டது லோட் இண்டெக்ஸ், டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான குறியீட்டு எண். பழைய டயரில் 88, அதாவது ஒரு டயர் 560 கிலோ தாங்கும். புது அளவில் சாதாரண டயர் 87 தான், 545 கிலோ. பதினைந்து கிலோதானே என்று விடக்கூடாது, வண்டி தயாரித்தவர் சொன்ன எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. அதே அளவில் எக்ஸ்ட்ரா லோட் வகையில் 91 கிடைத்தது, 615 கிலோ, அதைத்தான் போட்டேன்.

அப்புறம் ஆஃப்செட், அதாவது ஹப்பில் உட்காரும் முகம் வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்ற எண். அது குறைந்தால் வீல் வெளியே வரும். இதை நிறையப் பேர் கேட்பதே இல்லை. என் ஸ்டீல் ரிம் 6 இன்ச் அகலம், ஆஃப்செட் 45. எனக்கு மிகவும் பிடித்துப்போன ஒரு டிசைன் 7 இன்ச் அகலத்தில் ஆஃப்செட் 38ல் இருந்தது. அகலம் ஒரு இன்ச் கூடினால் ஒவ்வொரு பக்கமும் 12.7 மி.மீ., அதோடு ஆஃப்செட் 7 குறைவதால் வெளி விளிம்பு மொத்தம் 19.7 மி.மீ. வெளியே வருகிறது. ஐந்து பேர் ஏறி, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, ஒரு வேகத்தடையில் இறங்கினால் ஃபெண்டரில் உரசுவது உறுதி, வீல் பேரிங்குக்கும் கூடுதல் சுமை. கடைசியில் ஆறரை இன்ச், ஆஃப்செட் 42 எடுத்தேன். வெளியே 9 மி.மீ. சொச்சம், உள்ளே 3 மி.மீ. சொச்சம். ஆறு வருடத்தில் ஒருமுறைகூட உரசவில்லை. பிசிடி, அதாவது நட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், என்னுடையது 4x100 (நான்கு நட், 100 மி.மீ.), அதில் குழப்பம் இல்லை. ஐந்து நட் வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் 112க்கும் 114.3க்கும் நடுவே கவனமாக இருங்கள், 2.3 மி.மீ. தானே என்று நட்டை வைத்து இழுத்துப் பிடிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

சரி, பின்பக்கத்துக்கு வருகிறேன். என் காரின் ஹப் விட்டம் 54.1 மி.மீ. வெளிச்சந்தை அலாய்கள் பல வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்பதால் நடு ஓட்டையைப் பெரிதாக விட்டிருப்பார்கள், எனக்கு வந்தது 67.1. அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் வேண்டும், ஹப் ரிங் என்பார்கள். கடையில் பிளாஸ்டிக் வளையம் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. பேலன்சிங் மூன்று முறை பார்த்தேன், அலைன்மென்ட் பார்த்தேன், டயரையே சந்தேகப்பட்டேன். கடைசியில் வீலைக் கழற்றிப் பார்த்தால் முன்பக்கம் இரண்டு வளையமும் பிரேக் சூட்டில் நெளிந்து, ஒன்று இரண்டாகவே உடைந்து கிடந்தது. அலுமினிய வளையம் வாங்கிப் போட்டேன், ஹப்பில் இருந்த துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மாட்டினேன், அன்றோடு நடுக்கம் போனது. இவ்வளவு சின்னப் பொருளுக்காக நான்கு மாதம் அலைந்தேன்.

நட்டும் அப்படித்தான். வெளிச்சந்தை அலாய்க்குப் பெரும்பாலும் கூம்பு முனை நட், சில கம்பெனி வீல்களுக்கு உருண்டை முனை, சிலவற்றுக்குத் தட்டை வாஷர் வைத்தது. ஒன்றுக்கு இன்னொன்றைப் போட்டால் இறுகியது மாதிரி தெரியும், ஆனால் உட்காரும் பரப்பு மிகவும் குறைந்துவிடும். ஸ்டெப்னி ஸ்டீல் ரிம்மாகவே இருந்தால் அதற்குரிய நட்டையும் டிக்கியில் போட்டு வையுங்கள்.

ஓட்டுவதில் வித்தியாசம் உண்டா? வளைவில் வண்டி கொஞ்சம் கெட்டியாக நிற்கிறது, சின்னச் சின்ன மேடுபள்ளம் முன்பைவிடக் கூடுதலாகத் தெரிகிறது. எடை குறையும் என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். டயரோடு தராசில் வைத்துப் பார்த்தேன், பழைய ஸ்டீலைவிட இது ஒரு கிலோ கூடவே இருந்தது. எடை குறைய வேண்டும் என்றால் ஃபோர்ஜ்டு (அழுத்தி உருவாக்கியது) அல்லது ஃப்ளோ ஃபார்ம்டு (வார்த்த பிறகு ரிம் பகுதியை உருட்டி அழுத்தி மெல்லிதாக்கியது) வகைக்குப் போக வேண்டும், சாதாரண வார்ப்பு வீலில் இன்ச் கூடும்போது எடையும் கூடத்தான் செய்யும்.

மூன்றாம் வருடம் இரவில் மழைத் தண்ணீர் நின்ற ஒரு பள்ளம். வண்டி அதில் இறங்கியது, மறுநாளிலிருந்து ஒரு டயரில் காற்றழுத்தம் வாரம் ஐந்து பிஎஸ்ஐ குறைந்தது. வால்விலும் டயரிலும் ஒன்றும் இல்லை. கழற்றி சோப்புத் தண்ணீர் ஊற்றியபோது ரிம்மின் உள்பக்க விளிம்பில் வரிசையாகக் குமிழி, துணியால் துடைத்து டார்ச் அடித்தால் முடி கனத்தில் ஒரு விரிசல். வெல்டு வைத்துத் தருகிறேன் என்றார்கள். லேசான வளைவு என்றால் நிமிர்த்தலாம், விரிசலை ஒட்ட வைத்துக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. அதற்குள் அந்த டிசைன் நின்றுபோயிருந்தது, இன்னொன்று தேடிக் கிடைக்க ஐந்து மாதம், அதுவரை ஸ்டெப்னியில் ஓட்டினேன். வாங்கும்போதே ஐந்தாக வாங்குங்கள்.

நான்காம் வருடம் வீல்களின் முகப்புப் பூச்சு போக ஆரம்பித்தது. என்னுடையது டைமண்ட் கட், அதாவது லேத்தில் சீவிய உலோகத்தின்மேல் வெறும் கிளியர் கோட் (நிறமில்லாத பூச்சு). நடைபாதைக் கல்லில் உரசிய இடத்தில் ஈரம் புகுந்து, கிளியர் கோட்டுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்தது மாதிரி கோடு கோடாகப் பரவும், மேலே என்ன பாலிஷ் போட்டாலும் போகாது. திரும்பவும் சீவலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் உலோகம் குறைகிறது, இரண்டு மூன்று தடவைக்கு மேல் தாங்காது. அதனால் முழு சில்வரில் பவுடர் கோட்டிங், அதாவது பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு, என்று முடிவு செய்தேன். பழைய பூச்சை எப்படி எடுப்பீர்கள் என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். இந்த வீல்கள் வார்த்த பிறகு 540 டிகிரி அளவில் சூடேற்றி, தணித்து, மறுபடி மிதமான சூட்டில் மணிக்கணக்காக வைத்து வலுவேற்றப்பட்டவை. பெயின்ட்டை எரித்து எடுக்கும் அடுப்பில் போட்டால் அந்த வலு போய்விடும். கெமிக்கலில் ஊறவைத்து எடுப்பதே நல்லது.

பூச்சு அழகாகத்தான் வந்தது. ஆனால் அந்தக் கடையில் நட் உட்காரும் குழியையும் ஹப் முகத்தையும் மறைக்காமல் எல்லா இடத்திலும் அடித்துவிட்டார்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் வழக்கம்போல டார்க் ரெஞ்ச் (நட் சரியான அளவு இறுகியிருக்கிறதா என்று காட்டும் ஸ்பேனர்) வைத்துப் பார்த்தேன், இடது முன் வீலில் ஒரு நட் முக்கால் சுற்று சுற்றியது. கழற்றியபோது குழியிலிருந்து நகப்பூச்சு மாதிரி சில்வர் துகள்கள் கையில் கொட்டின. நட் உலோகத்தைப் பிடிக்காமல் அந்தப் பூச்சைப் பிடித்திருக்கிறது, பூச்சு நசுங்க நசுங்கத் தளர்ந்திருக்கிறது. அன்று ரெஞ்ச் வைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. பதினாறு குழியையும் நானே உட்கார்ந்து சுரண்டி, ஹப் முகத்தை உப்புத்தாளில் தேய்த்து வெறும் உலோகம் தெரியும்வரை கொண்டுவந்தேன். இரண்டு மாலை போனது. அதற்குப் பிறகு நூறு கிலோமீட்டரில் ஒருமுறை, ஐநூறில் ஒருமுறை பார்த்தேன், எதுவும் அசையவில்லை.

இரண்டு வருடம் ஆகியும் பூச்சு உரியவில்லை. பிரேக் தூளை வாரம் ஒருமுறை கார் ஷாம்பூ போட்டுக் கழுவுகிறேன், ஆசிட் கலந்த வீல் கிளீனர் பக்கமே போவதில்லை. டயர் அடுத்த வருடம் மாற்ற வேண்டிவரும், அப்போதும் இதே 195/55, இதே 91 தான். அலுமினிய வளையம் ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி டூல் கிட்டில் போட்டு வைத்திருக்கிறேன்.